மோட்டார் கொட்டகையில் சார்ஜ் ஏறிய கார்

என் தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு அரசு தரும் இலவச மின்சாரத்தில் எலெக்ட்ரிக் காருக்குச் சார்ஜ் போட்ட புத்திசாலி நான். பெட்ரோல் காரை விற்று இதை வாங்கியதிலிருந்து, ஜேடர்பாளையம் டீக்கடையில் சிக்கியவர்களுக்கெல்லாம் சிக்கனப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

போன தையில் ஒருநாள் காலை, தம்மம்பட்டியில் கட்டிக்கொடுத்த அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். "ஒருக்கா வந்துட்டுப் போ சாமி. உன்னப் பாக்கோணும்."

"இதோ வாரேன்க்கா" என்றேன். காரில் அவ்வளவு தூரத்துக்குச் சார்ஜ் இல்லை. வீட்டில் போட்டால் மீட்டர் ஓடும். தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் மதியம்தான் வரும். காத்திருந்தேன். பஸ் ஏறியிருக்கலாம், ஓசியில் போக வழியிருக்க டிக்கெட் எதற்கு என்று தோன்றியது.

சார்ஜ் ஏறிக் கிளம்பி, நான் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். கடைசிவரை ஆஸ்பத்திரி வாசலையே பார்த்திருந்தாளாம்.

இப்போது வீட்டு மீட்டரிலேயே, தினமும் முழுதாகச் சார்ஜ் போட்டு வைக்கிறேன். போன வாரம் வந்திருந்த அக்கா வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகத்தான் கேட்டார்: "இனி யாரப் பாக்கறதுக்கு மாப்ள, இப்படி நெறச்சு வெக்கறீங்க?"