கோயிலில்லாத மூன்று தனிமங்கள்

வாடகைக் காரின் பெட்ரோல் வாடையும் அப்பா நெற்றி நிறையப் பூசியிருந்த திருநீற்றின் வாசமும் சேர்ந்து குமட்ட, மடியில் வேதியியல் புத்தகத்தோடு பாபநாசத்துக்குப் போன அந்தக் காலையை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்ச் மாதம். மறுநாள் பிளஸ் டூ வேதியியல் தேர்வு. எனக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைப்பது அதன் கையில் இருந்தது. கடைசிப் பாடத்தை நான் இன்னும் திறக்கவேயில்லை.

தப்பு என்னுடையதுதான். அரையாண்டு மதிப்பெண்ணுக்காக அப்பா ஏசியபோது, பேச்சை மாற்றுவதற்காக, சில தனிமங்களுக்குக் கோள்களின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று சொல்லித் தொலைத்தேன். தாலுகா ஆபீஸ்காரரான அப்பாவுக்கு அது போதும். தாமிரபரணிக் கரையோரம் கோளுக்கு ஒன்றாக ஒன்பது சிவன் கோயில்கள், 'நவகைலாயம்' என்று இருக்கையில் வேறென்ன கவலை, அந்தந்தக் கோளைக் கும்பிட்டால் மதிப்பெண் வந்துவிடாதா என்று தேர்வுக்கு முந்தின நாள் காரைப் பிடித்துவிட்டார்.

பாபநாசம் சூரியனுக்கு. அர்ச்சனைக்கு என் பெயர், நட்சத்திரத்தோடு ஹீலியத்தையும் அப்பா சொல்ல, குருக்கள் சிரிக்காமல் அப்படியே சொன்னார். சேரன்மகாதேவியில் சந்திரனுக்குச் செலீனியம். கோடகநல்லூரில் செவ்வாய்க்கு ஒன்றுமில்லை என்றதும், "என்னத்தப் புஸ்தகம் போட்டிருக்கான்" என்று அலுத்துக்கொண்டார். குருவுக்கும் சனிக்கும்கூட இல்லை என்றபோது, நான் ஒழுங்காகப் படிக்கவில்லை என்றே முடிவுகட்டினார். தென்திருப்பேரையில் புதனின் ஆங்கிலப் பெயரே பாதரசத்துக்கும் இருந்ததால் தப்பித்தேன்.

ஒன்பதும் முடிந்து ஏரலில் காப்பி குடிக்கும்போது, யுரேனியம், நெப்டியூனியம், புளூட்டோனியம் மூன்றும் பாக்கி, அவற்றின் கோள்களுக்கு இங்கே கோயில் கிடையாது என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொன்னேன். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

"ஏட்டி, மூணு வெளிய நிக்கே. அதுல கேள்வி வந்தா என்ன செய்ய?"

விளக்கு வைத்த பிறகு வீடு வந்து, புத்தகத்தின் மேலேயே தூங்கிப்போனேன். மறுநாள் பெரிய கேள்வி வந்தது நான் திறக்காத அந்தப் பாடத்திலிருந்துதான். மருத்துவ இடம் நூலிழையில் கைவிட்டுப் போனது. "அந்த மூணும்லா காலை வாரிட்டு" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த ஒரு நாளுக்காக அவர்மேல் இருந்த கோபம், அவர் இருந்தவரை எனக்குத் தீரவில்லை.

போன வாரம் என் மகளின் பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். கோள்கள் எட்டுதான், புளூட்டோவைத் தள்ளிவிட்டார்கள். அப்பா இருந்தால், கோயில் இல்லாதது எப்படி நிற்கும், அன்றைக்கே சொன்னேனே என்று வீட்டையே இரண்டாக்கியிருப்பார். நானும் பல்லைக் கடித்திருப்பேன். சண்டை போடத் தயாராகத் திரும்பினேன். அவர் உட்காரும் நாற்காலியில் மடித்த துணிகள் கிடந்தன.