நழுவும் பெடல்

என் வீட்டுக்காரர் பெயர் தனக்கோடி. பகலில் பெங்களூர் பீன்யாவில் ஒரு பம்ப் கம்பெனியில் பேக்கிங் வேலை. கல்யாணம், திருவிழா என்றால் யூஜினின் ஆர்கெஸ்ட்ராவில் ட்ரம்ஸ். இரண்டில் எது உங்கள் தொழில் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் ட்ரம்ஸ் என்பார். சம்பளம் கொடுக்கிற பீன்யாக்காரர்கள் காதில் விழுந்தால் வருத்தப்படுவார்கள்.

ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு ஹாலில் பாதியை அந்த ட்ரம்ஸ்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது. விருந்தாளி வந்தால் ஒருவருக்கு நாற்காலி, இன்னொருவருக்கு ட்ரம் ஸ்டூல். கல்யாணமான புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. பீரோவைச் சுற்றிப் பெருக்குவதுபோல அதையும் சுற்றிப் பெருக்குகிறேன்.

போன மாதம் யூஜின் வீட்டுக்கு வந்தார். எப்போதும் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போகிறவர், அன்றைக்கு உள்ளே வந்து உட்கார்ந்தார். நல்ல சேதி இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

“தனா, கோவிச்சுக்காத. ரெண்டு ப்ரோக்ராமா கிக் விட்டு விட்டு வருது. கேத்தரின் பாட முடியாம தடுமாறிப் போச்சு.”

கிக் என்பது தரையில் சாய்ந்து கிடக்கும் பெரிய ட்ரம். அதன் விளிம்பில் ஒரு பெடலைத் திருகி மாட்டியிருப்பார்கள். வலது காலால் மிதித்தால் அதிலுள்ள சுத்தி போய்த் தோலில் அடிக்கும். மொத்தப் பாட்டும் அந்தச் சத்தத்தின் மேல்தான் நிற்கிறது என்பார் இவர்.

“பெடல் ஆடுது மச்சா. மிதிக்கும்போது நழுவுது. சரி பண்ணிடறேன்” என்றார்.

“பண்ணு. ஞாயித்துக்கெழம புத்த பூர்ணிமா ஃபங்ஷன்ல பாக்கறேன். அன்னிக்கும் இப்டியே வந்துச்சுன்னா பேட் வச்சுக்கலாம்னு இருக்கேன்.”

பேட் என்றால் விரலால் தட்டுகிற கரண்ட் பெட்டி. அதை வாசிக்க யூஜினின் தங்கை மகன் தயாராக இருந்தான். அதாவது, ஞாயிற்றுக்கிழமை பெடல் நழுவினால் இவருக்கு ஆர்கெஸ்ட்ராவில் இடம் இல்லை. இவர் சரி என்று தலையாட்டினார். காபி ஆறுகிறது என்று யூஜினிடம் சொன்னார். அழுதிருந்தாலாவது நான் ஆறுதல் சொல்லியிருப்பேன்.

மறுநாளிலிருந்து பீன்யாவிலிருந்து வந்ததும் வராததுமாக ட்ரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். முதலில் ட்ரம்மின் முன்கால் கம்பிகளை நன்றாக விரித்து முடுக்கினார். நழுவுகிறது என்றார். அடியில் இருந்த பழைய கார்ப்பெட்டை உருவிவிட்டு ரப்பர் ஷீட் விரித்தார். ஷீட் கிழியாமல் இருக்க, பெடலின் அடியில் தரையைக் கவ்வும் கூர்த் திருகுகளைக் கழற்றி வைத்தார். அப்படியும் நழுவியது. ட்ரம்முக்கு முன்னால் ஒரு செங்கல் வந்தது. ஸ்டூலுக்கும் ட்ரம்முக்கும் கயிறு கட்டினார், கன்றுக்குட்டியைக் கட்டுவதுபோல. ஸ்பிரிங்கை இறுக்கினார், பிறகு தளர்த்தினார். விளிம்பு மரம் தேய்ந்துவிட்டது, அதனால்தான் பிடிப்பு இல்லை என்று சைக்கிள் டியூபை வெட்டி நடுவில் செருகினார்.

என் வேலை, தரையில் குப்புறப் படுத்துப் போன் டார்ச்சை அடித்துப் பார்ப்பது.

“எங்க ஆடுதுன்னு பாரு மகா.”

“ஒண்ணும் ஆடலங்க.”

“நல்லா பாரு. கால் கீழயே நிக்கல பெடல்.”

“பாத்துட்டேன். ஆடல.”

“உனக்குத் தெரியாது, விடு.”

இதற்கென்று ஒரு வாரமா படுத்துக் கிடப்பேன்? வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, நான் ஹாலில் பல்லி மாதிரி தரையோடு ஒட்டிக் கிடக்கிறேன்.

“எழுந்திருங்க. நான் மிதிக்கறேன், நீங்க படுத்துப் பாருங்க” என்றேன்.

எழுந்து இடம் விட்டார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து காலை வைத்தேன். எனக்குத் தாளமும் தெரியாது, ஒன்றும் தெரியாது. தும், தும், தும் என்று மிதித்தேன். பெடல் அம்மிக்கல் போல் நின்றது. எத்தனை மிதித்தாலும் சுத்தி போய்ச் சரியாக அடித்துவிட்டுத் திரும்பி வந்தது.

“ஆடுதா?”

அவர் டார்ச் வெளிச்சத்தில் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். வெள்ளை டைல்ஸில் அவர் போன வழியெல்லாம் சிவப்பாக இருந்தது.

பிடித்து உட்கார வைத்துப் பாதத்தைத் திருப்பினேன். கழற்றி வைத்த கூர்த் திருகில் ஒன்று உள்ளே இறங்கி நின்றது. எப்போது மிதித்தாரோ.

“வலிக்கலயா?”

“ஜோமு புடிச்சிருக்கு.”

“எப்பத்துலருந்து?”

“தெரில. கொஞ்ச நாளா.”

பெங்களூரில் பிறந்து வளர்ந்த நாங்கள் கால் மரத்துப்போச்சு என்று சொல்வதில்லை. ஜோமு புடிச்சுக்கிச்சு என்போம், கன்னடக்காரர்கள் சொல்கிறபடி. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் வரும், உதறினால் போய்விடும், அதுதான் ஜோமு. அதற்கெல்லாம் யாரும் டாக்டரிடம் போவதில்லை. மழைக்காலத்திலிருந்தே இவர் ஜோமு, ஜோமு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நாள் பூரா நின்று பேக்கிங் பண்ணுகிற கால், இருக்கும் என்று நானும் விட்டேன். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போடுகிறவர் காலில் உதறினாலும் போகாத ஒன்றுக்கும் நாங்கள் வைத்த பெயர் அதுதான். பயமாக இருந்தது என்று எழுத வேண்டும். உண்மையில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து தரையைத் துடைத்தேன்.

சனிக்கிழமை காலை பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனோம். டாக்டரம்மா புண்ணைப் பார்த்தார், சர்க்கரை அளவைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். இவர் கேட்டது ஒன்றுதான்.

“நாளைக்கி ட்ரம்ஸ் வாசிக்கலாமா மேடம்?”

“சிஸ்டர் டெஸ்ட் பண்ணுவாங்க. தொட்டா தெரியுதுன்னா கட்டுப் போட்டுக்கிட்டுப் போங்க. தெரியலன்னா அந்தக் காலால எதையும் மிதிக்கக் கூடாது. ட்ரம்ஸ மறந்துடணும்.”

நர்ஸ் பெயர் ஃபாத்திமா. இவரைக் கட்டிலில் படுக்க வைத்தார். கையில் பேனா மாதிரி ஒன்று, அதன் நுனியில் மீன்பிடி நரம்பு போல ஒரு இழை.

“கண்ண மூடிக்குங்க. இது படும்போதெல்லாம் ‘ம்’னு சொல்லுங்க.”

முதலில் நல்ல கால், இடது. ஃபாத்திமா ஒரே சீராகத் தொட்டுக்கொண்டு போனார். விரல் நுனி, “ம்.” விரல் இடுக்கு, “ம்.” நடுப் பாதம், “ம்.” பிறகு வலது காலுக்கு மாறினார். அதே சீர். கட்டைவிரல், “ம்.” சுண்டுவிரல், “ம்.” ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்கு உடம்பெல்லாம் லேசானதுபோல இருந்தது. காலில் உயிர் இருக்கிறது, நாளைக்கு வாசிப்பார், யூஜினுக்கும் முகம் தொங்காது என்று நினைத்தேன்.

அப்போது கதவைத் திறந்து யாரோ எக்ஸ்ரே ரூம் எங்கே என்று கேட்டார்கள். ஃபாத்திமா திரும்பி வழி சொன்னார். இழை இவர் பாதத்துக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில் நின்றது.

“ம்” என்றார் இவர்.

ஃபாத்திமா வழி சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“ம்.”

கொஞ்சமும் தாளம் பிசகவில்லை. ஃபாத்திமா பேச்சை நிறுத்திவிட்டுத் தன் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“ம்” என்றார் மறுபடியும். பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டார். “எல்லாம் சரியா சொன்னேனா சிஸ்டர்?”