அணைத்த சுவிட்சு

நான் சுவிட்சை அணைத்திருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்றைக்கு நான் சொன்னதை அப்பா நம்பவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. மலைமேல் நெல்லிவாசல் நாட்டில் ஜீப் நிற்கும் இடத்திலிருந்து அரை மணி நேரம் மேடேறினால் எங்கள் வீடு. குளிர் மாதங்களில் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும் என்பதால் குளியலறைக்குள்ளேயே ஒரு மூலையில் வெந்நீர் அடுப்பு இருந்தது. அடுப்பு எரிந்தால் புகை வராமல் இருக்குமா? அதை வெளியே தள்ளுவதற்காக அப்பா சுவரில் ஓட்டை போட்டு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியிருந்தார். குளிக்கிற இடத்துக்கு ஃபேன் வைத்த வீடு எங்கள் ஊரில் அது ஒன்றுதான். அதைப் பார்ப்பதற்கென்றே சிலர் வந்துபோனார்கள்.

அப்பா கொஞ்ச காலம் பெங்களூரில் வயரிங் ஆட்களோடு வேலை செய்தவர். திரும்பி வந்ததும் எங்கள் வீட்டுக்குத் தானே வயரிங் போட்டார். பிறகு அக்கம்பக்கத்தில் நாலைந்து வீடுகளுக்கும் போட்டுக்கொடுத்தார். யார் வீட்டில் பல்பு எரியாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் கரண்ட் இருந்தால் சிவப்பாக எரிகிற டெஸ்டரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு டாக்டர் மாதிரி கிளம்பிப் போவார்.

ஒருநாள் அந்த ஃபேன் முனகிக்கொண்டே நின்றுவிட்டது. அப்பா மலையிறங்கி ஆலங்காயம் போய்ப் புதிது வாங்கி, ஜீப்பில் கூட்டத்துக்கு நடுவே அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை ஆரம்பமானது. அப்பா குளியலறைக்குள் ஸ்டூல் மேல் ஏறி நின்றார். சுவிட்சு கதவுக்கு வெளியே இருந்ததால் நான் அங்கே நின்றேன்.

"சுச்ச அணை."

அணைத்தேன்.

"அணைச்சிட்டியா?"

"அணைச்சிட்டேன்ப்பா."

ஒரு கையை ஈரச் சுவரில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் பழைய ஒயரில் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தார். அடுத்த நொடி அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம். அப்பாவும் ஸ்டூலும் சேர்ந்து தண்ணீர் அண்டா மேல் விழுந்தார்கள். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். நல்லவேளையாக முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. எழுந்து வெளியே வந்த அப்பா ஒரு வார்த்தை கேட்காமல் என் கன்னத்தில் அறைந்தார்.

"அணைச்சிட்டேன்னு சொன்ன இல்ல? அப்ப இது இன்னாது? ஆளக் கொல்லப் பாத்தியா?"

நான் சுவிட்சைக் காட்டினேன். அது அணைந்துதான் இருந்தது.

"நான் விழுந்தப்புறம் அணைச்சிட்டு நடிக்கிறியா?"

அடியைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நடிக்கிறேன் என்றாரே, அதில்தான் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வீட்டில் மூன்று பொய் சொல்லி ஒரு கடலை உருண்டை சம்பாதிக்கிற தம்பி, வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அவனை யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் அழக்கூட இல்லை. சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்று, விரலால் அதைக் காட்டியபடி, நகர மாட்டேன் என்று அடம்பிடித்தேன்.

கடைசியில் அம்மாதான் வாய் திறந்தாள். "பொண்ணுக்குப் பொய் சொல்ற பழக்கம் இல்லீங்க. ஊருக்கெல்லாம் டெஸ்டர் வெச்சுப் பாக்குறீங்க, நம்ம வூட்டுலயும் ஒருவாட்டி வெச்சுப் பாருங்களேன்."

அப்பா வேண்டாவெறுப்பாக மறுபடி ஸ்டூலில் ஏறி டெஸ்டரை வைத்தார். சிவப்பாக எரிந்தது.

"போடு."

போட்டேன். எரிந்தது.

"அணை."

அணைத்தேன். அப்போதும் எரிந்தது.

அப்பா இறங்கி வந்து சுவிட்சுப் பெட்டியைக் கழற்றி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவிடம் தணிந்த குரலில், "ஒயர மாத்திக் குடுத்துட்டேன்" என்றார். ஃபேனுக்குப் போகிற இரண்டு ஒயரில் கரண்ட் வருகிற ஒயரைத்தான் சுவிட்சு துண்டிக்க வேண்டும். எங்கள் சுவிட்சு இத்தனை காலமும் மற்றதைத் துண்டித்துக்கொண்டிருந்தது. அணைத்தால் ஃபேன் நின்றுவிடும். கரண்ட் மட்டும் அதிலேயே இருக்கும்.

"நான் அப்பவே சொன்னேன் இல்ல?" என்றேன். இனி அவர் என்னிடம் வந்து, தப்பு என்மேல்தான் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. காத்திருந்தேன்.

அவர் வேறொன்று கேட்டார். "இந்த ஃபேன யாரு தொடைக்கிறது?"

கரி துடைப்பது மூன்றாம் வகுப்பிலிருந்து என் வேலை. அதே ஸ்டூலில் ஏறி எட்டித் துடைப்பேன். ஒழுங்காகத் துடைக்காததால்தான் ஃபேன் கெட்டது என்று அடுத்த பழியையும் என் தலையில் கட்டப்போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. விடுவேனா?

"நான்தான். ஒரு வாரங்கூட வுட்டதில்ல. சுச்ச அணைச்சிட்டுத்தான் தொடைக்கிறேன்."

"ஈரத் துணியிலயா?"

"பின்ன? காஞ்ச துணில கரி போவுமா?"

அப்பா அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். என் பதிலில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியாமல் இருவரும் வாயடைத்துப் போனார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகாவது மன்னிப்பு வந்ததா என்றால், இல்லை. மெயினை அணைத்தார். ஒயரைச் சரியாக மாற்றிக் கொடுத்தார். மெயினைப் போட்டு, ஒன்றுக்கு மூன்று முறை டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி அணைத்துப் புது ஃபேனை மாட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "இனிமே நீ ஃபேன் பக்கம் போவாத. நானே தொடைச்சுக்கிறேன்" என்றார். தப்பு செய்தது அவர். வேலை பறிபோனது எனக்கு! இதைவிடப் பெரிய அநியாயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

அம்மா போட்ட சோற்றைத் தொடாமல் டெஸ்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தான் வயரிங் போட்ட வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போனார். ஊரார் வீட்டு வாசலில் நின்று, "தப்பா போட்டுட்டனோ என்னவோ, ஒருவாட்டி பாத்துடறேன்" என்று அவ்வளவு பணிவாகச் சொன்னாராம். பின்னாலேயே போன தம்பி ஓடி வந்து சொன்னான். பெற்ற மகளிடம் சொல்ல மட்டும் நாக்கு வரவில்லை!

சாயங்காலம் நான் துவைக்கிற கல் மேல் உட்கார்ந்திருந்தேன். அப்பா திரும்பி வந்தார். வீட்டுக்குள் போகாமல் நேராக வந்து என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இதோ சொல்லப்போகிறார், சொன்னாலும் லேசில் இறங்கிவரக் கூடாது என்று முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன்.

அவர் என் வலது கையை எடுத்து விரித்தார். ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தார். புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி உள்ளங்கையைப் பார்த்தார்.

கரி இருக்கிறதா என்று பார்க்கிறார். இன்னும் என்மேல் சந்தேகம் தீரவில்லை.

"நல்லாத்தான் கழுவிக்கீறேன்" என்று வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன்.