ஐஸ் ட்ரேயில் ஓர் ஏரி

போன சனிக்கிழமை என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினார். விசாரித்தவர்களிடம் "தண்ணி ஒத்துக்கல" என்று சொல்லிவைத்தேன். பொய்யில்லை. எந்தத் தண்ணீர் என்பதைத்தான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

என் மகள் மைக்ரோபயாலஜி படிக்கிறாள். ஏரிகளில் வாழும் ஒருவகை பாக்டீரியாதான் அவள் ப்ராஜெக்ட். சுத்தமான தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரியில் உடனே உறைந்துவிடாதாம். பற்றிக்கொள்ள ஒரு துகள் வேண்டுமாம். இந்த பாக்டீரியா அந்தத் துகளாக நின்று, தண்ணீரைச் சீக்கிரம் உறைய வைக்குமாம். காற்றோடு ஏறி, மேகத்துக்குள்ளும் பனியை உண்டாக்குமாம்.

"சும்மா அளக்காதே" என்றார் இவர். உருது கலந்து பேசும் திருமுல்கேரியில் பிறந்து வளர்ந்தவர். கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார்.

"நக்கோ அப்பா, வேண்டாம், என்கிட்ட பெட் கட்டாதீங்க!"

கட்டினார். ஐஸ் ட்ரேயின் இடது பாதியில் எங்கள் பேட்டை ஏரித் தண்ணீர், வலது பாதியில் காய்ச்சி வடிகட்டியது. ஃப்ரீசரைத் திறந்து திறந்து பார்த்தார்கள். ஏரி ஜெயித்தது.

"ஹவ், ஆமாம்! மேகத்தையே நம்ம ஃப்ரிட்ஜுல வச்சுட்டியே!" என்று சிரித்தார்.

"அதைக் கொட்டித் தொலைங்களேன்" என்றேன் நான்.

"அப்புறம் கொட்டறேன்மா. ஃபோட்டோ எடுக்கணும்" என்றாள் மகள்.

எந்த வீட்டில்தான் இந்த 'அப்புறம்' இல்லை?

மறுநாள் மதியம் அமீர்பேட் போய் வெயிலில் வெந்து வந்தார். ஒரு பெரிய டம்ளர் மோர். வலது பக்கத்து ஐஸாகப் பார்த்து எடுத்துப் போட்டுக்கொண்டார்... ஜாக்கிரதையான மனிதர்தான். ஆனால் ஃபோட்டோ எடுத்தவள் ட்ரேயைத் திருப்பி வைத்திருந்தாள். உறைந்த பிறகு எது ஏரி, எது காய்ச்சி வடிகட்டியது என்று யாருக்குத் தெரியும்?

அவருக்குச் சர்க்கரை வியாதி வேறு. முதலில் வயிற்றுப்போக்கு. பிறகு குளிர்ஜுரம். பிறகு ஐ.சி.யூ.

"ரத்தத்துல இன்ஃபெக்ஷன். கிட்னி தாங்கணும்" என்றார் டாக்டர்.

மகள் கொண்டாடிய பாக்டீரியா ஒரு பாவமும் செய்யவில்லையாம். ஏரியில் கலக்கும் சாக்கடையின் கிருமிகள்தான். ஐ.சி.யூ. வாசலில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஐஸானா கிருமி சாகாதும்மா. எனக்குத் தெரியும்... எனக்குத் தெரியும்மா."

தலையைத் தடவினேன்.

கிட்னி தாங்கியது. வார்டுக்கு மாற்றியதும் அவர் முதலில் பேசியது அவளிடம்தான்: "என்ன ப்ரொஃபசர்... பெட்டுல ஜெயிச்சதுக்கு ட்ரீட் வேண்டாமா?"

அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தாயிற்று. ஐஸ் ட்ரே குப்பைக்குப் போயாயிற்று. லேபுக்கு அவள் இன்னும் போகவில்லை. தண்ணீர், மோர், மாத்திரைக்கு வெந்நீர்... அவர் கையில் எந்த டம்ளரைக் கொடுத்தாலும் வாங்கி, முதலில் தான் ஒரு வாய் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்து, அப்புறம்தான் அவரிடம் தருகிறாள்.

முன்பு எனக்கு ஒருவரைப் பற்றித்தான் பயம்.