காக்காய் இல்லாத ஊரில் அமாவாசை

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் என்னால் முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான்: காக்காய். ஹோட்டலில் வெங்காயம் உரிக்க வந்து இறங்கியவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. இன்று பக்குரங்காவில் சொந்த மளிகைக் கடை. யாழ்ப்பாணத்துக்காரர் ஒடியல் மாவு கேட்டாலும், மலேசியாக்காரர் பெலாச்சான் கேட்டாலும், மதுரைக்காரர் மோர் மிளகாய் கேட்டாலும் எடுத்து நீட்டுவேன். காக்காயை மட்டும் இறக்குமதி செய்ய வழியில்லை.

அதனால் அமாவாசை வந்தால் நம் ஆட்கள் படுகிற பாடு கொஞ்சமில்லை. முன்னோருக்குச் சோறு வைத்தாயிற்று, எடுக்கக் காக்காய் எங்கே? வாட்ஸ்அப் குழுவில் விடிய விடிய விவாதம். மைனா போதும் என்றார் ஒரு டாக்டர். மேக்பை பாதிக் கறுப்பு, ஆகவே பாதிப் பலன் என்றார் ஒரு இன்ஜினியர். ஐ.டி.யில் இருக்கும் ஒருவர் போனில் காக்காய் கத்துகிற வீடியோவைச் சத்தமாக வைத்துச் சோற்றோடு காத்திருந்தார். பக்கத்து வீட்டு நாய் வந்தது. எல்லாம் பட்டம் வாங்கிய தலைகள். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

போன புரட்டாசி அமாவாசையன்று என் மருமகள் கேட்டாள். அவள் யாழ்ப்பாணத்துப் பெண். என் மகனோடு ஹில்ஸ்பரோவில் இருக்கிறாள். அவளுடைய அம்மா காலமான பிறகு அப்பாவும் அவர்களோடுதான். காலையில் போன் செய்தாள்.

"மாமா, அப்பா விடிய எழும்பினதில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை. அம்மாவுக்கு வச்ச சோத்தை ஒரு பறவை எடுத்தாத்தான் சாப்பிடுவாராம். சுகர் குளிசையும் போட மாட்டனெண்டு இருக்கிறார். நீங்கள் வந்து ஒருக்காக் கதையுங்கோ."

கடையை மனைவியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். சம்பந்தி பின்பக்க டெக்கில் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எதிரே இலை காலியாகக் கிடந்தது.

"குருவி சுத்தமா தின்னுட்டுப் போயிருக்கே சம்பந்தி? அப்புறம் என்ன?"

"குருவி ஆர் வச்ச சோத்தையும் தின்னும். அது கணக்கில்லை."

"அப்ப எதுதான் கணக்கு?"

"அவ வந்தா எனக்குத் தெரியும்."

வாத்தியாரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. ஆனால் நான் வியாபாரி. கையில் சரக்கு இல்லாதபோது வேறு சரக்கை விற்கத் தெரிந்தவன்.

"சம்பந்தி, இப்ப இங்க வசந்தம். காட்விட்டுனு ஒரு பறவை அலாஸ்காவிலிருந்து வந்து இறங்குற நேரம். இந்த ஊர் மாவோரிக்காரங்க குவாக்கான்னு சொல்வாங்க. ஒரு வாரத்துக்கு மேல கடல் மேலயே பறந்து வருது. நடுவுல இறங்குறதில்ல, பச்சைத் தண்ணி குடிக்கிறதில்ல. அதைவிடப் பசிச்ச பறவை உலகத்துலயே கிடையாது. நம்ம சோத்தைக் காட்டினா இலையையும் சேர்த்துத் தின்னும்."

அவர் யோசித்தார். "அவவும் பயணத்தில வாயில ஒண்டும் வைக்க மாட்டா" என்றார்.

வியாபாரம் முடிந்தது. மருமகள் சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி எல்லாம் மறுபடி கட்டி, மேலே இரண்டு அப்பளமும் வைத்துக் கொடுத்தாள்.

மனுக்காவ் கடலில் பாதை போட்டுக் கரையோடு சேர்த்த குட்டித் தீவு ஒன்றுக்கு ஓட்டிப் போனேன். எங்களுக்கு முன்பே பறவை பார்க்கிறவர்கள் ஒரு கூட்டம். எல்லோரும் சேற்று நிறத்தில் உடுத்தியிருந்தார்கள், பறவை பார்த்தால் வெட்கப்படுமோ என்னவோ. ஆளுக்கொரு பெரிய டெலஸ்கோப். பேச்செல்லாம் கிசுகிசு. நம்மூரில் பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு பவ்யமாக இருப்பதில்லை.

வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர் தன் டெலஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். சிப்பித் திட்டில் நீண்ட மூக்கோடு பழுப்புப் பறவைகள், பெரும்பாலும் ஒற்றைக் காலில் தூங்கின. சம்பந்தி வெகுநேரம் பார்த்தார்.

"பாவம், நல்லாக் களைச்சுப் போச்சுதுகள்."

இதுதான் சமயம் என்று டிபன் கேரியரைத் திறந்தேன். அந்த அம்மா பாய்ந்து வந்தார். இங்கே எந்தப் பறவைக்கும் எதுவும் போடக்கூடாதாம். காட்விட் சோறு தின்னாதாம். சேற்றில் புழு, நண்டுதான் தின்னுமாம். கிளம்பும் முன் குடலையே சுருக்கிக்கொண்டு வருமாம். அலாஸ்காவில் இருந்து வந்தும் சோற்றின் அருமை தெரியாத பறவை.

என் ஆங்கிலத்தை எடுத்துவிட்டேன். "மேடம், ஹிஸ் வைஃப் டெட். பேர்ட் ஈட், ஹீ ஈட். பேர்ட் நோ ஈட், ஹீ நோ ஈட். சுகர் பேஷன்ட்."

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் போடக்கூடாது என்றார்.

சம்பந்தி சட்டத்தை மீறுகிறவர் அல்ல. பெஞ்சில் உட்கார்ந்து, இலையில் சோற்றைப் பரிமாறி மடியில் வைத்துக்கொண்டார். யாருக்கும் நீட்டவில்லை. அவர் விரல்கள் நடுங்குவதை அப்போதுதான் பார்த்தேன். நெற்றியில் வேர்வை வேறு. இவருக்கு ஏதாவது ஆனால் மருமகள் முகத்தில் எப்படி முழிப்பேன்? முதல் தடவையாக என் யோசனைமேல் எனக்கே சந்தேகம் வந்தது.

"போதும் சம்பந்தி, ஒரு வாய் சாப்பிடுங்க."

"இன்னும் கொஞ்சம் பாப்பம்."

கூட்டம் காட்விட்டை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்திருந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு சீகல், சிவப்பு மூக்கு, அவர் தோளை உரசிக்கொண்டு இறங்கியது. சோற்றைத் தொடவில்லை. அப்பளத்தைக் கவ்வி, 'நொறுக்'கென்று பாதியை உடைத்துக்கொண்டு கடல் பக்கம் போயே போய்விட்டது.

நான் கை ஓங்கினேன். சம்பந்தி என் கையைப் பிடித்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர்.

"விடுங்கோ, விடுங்கோ! அவதான்! தன்ர சாப்பாட்டுக் கோப்பையில அப்பளம் இருக்க, என்ர கோப்பையில கை வைப்பா. கலியாணம் முடிச்ச நாளில இருந்து இதே களவுதான். முழுசா எடுக்க மாட்டா, பாதிதான்!"

மிச்சப் பாதி அப்பளத்தைச் சோற்றில் நொறுக்கிப் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, சுகர் மாத்திரையும் போட்டார். அந்த அம்மா மூக்கைச் சிந்தினார். சட்டப்படியும் குற்றமில்லை, நாங்கள் போடவில்லை, அதுவாக எடுத்தது.

இப்போது நம் ஆட்கள் அமாவாசைக்கு அப்பளத்தோடு அந்தத் தீவுக்குப் படையெடுக்கிறார்கள். இன்ஜினியர்கூடப் போகிறார். வழி காட்டியது யார் என்று ஒருவரும் சொல்வதில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

அன்று திரும்பும்போது காரில் சம்பந்தி கேட்டார், "ரெண்டு அப்பளம் எல்லோ கட்டித் தந்தவள்?"

"நீங்க டெலஸ்கோப்புல பாத்துக்கிட்டிருந்தப்ப நான் ஒண்ணு சாப்பிட்டுட்டேன் சம்பந்தி. பசி."

"அதுதானே," என்றார். "அதையும் அவதான் எடுத்தாவோ எண்டு பாத்தன்."