முந்நூறு வரைக்கும் போகும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை சர்வேயர் என்று நினைத்து நடுரோட்டில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அரியலூருக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பஸ் ஸ்டாப்பும் ஒரு டீக்கடையும் மட்டும் ரோட்டோரம் தெரிகிற ஊர். கேமரா பையின் வாரை ஒருவர் பிடித்துக்கொண்டார். ட்ரைபாடின் ஒரு காலை இன்னொருவர் பிடித்துக்கொண்டார்.

சிரிக்காதீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

யார் மேல் ஆறவில்லை? பிடித்து வைத்தவர்கள் மேலா? அதுதான் இல்லை. அவர்கள் மேல் இருந்த கோபம் அங்கேயே ஒரு டீயில் போய்விட்டது. மிச்சக் கோபத்தை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது? உங்களிடம்தான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் பெரம்பலூரில் ஓர் ஆபீசில் கிளார்க். வாரம் முழுக்க ஃபைல், ஞாயிறானால் பறவை. பருத்திக் காட்டில் பூனைப்பருந்தைப் பார்த்த கதையை இதே பக்கத்தில் எழுதியபோது, ‘பூனையா, பருந்தா, ஒழுங்காகச் சொல்லுங்கள் மேடம்’ என்று கேட்டவர்கள்தானே நீங்கள்?

பறவையைப் பார்க்கக் கண் போதும். படம் எடுக்கத்தான் ‘ரீச்’ வேண்டும். அதாவது, எட்ட இருக்கிற பறவையை லென்ஸ் எவ்வளவு கிட்டே கொண்டுவந்து காட்டும் என்பது. அதை எம்எம் என்று எண்ணில் சொல்வார்கள். எண் ஏற ஏற விலையும் ஏறும். சும்மா ஏறாது... தலைதெறிக்க ஏறும். நல்ல அறுநூறு எம்எம் லென்ஸ் ஒன்றின் விலைக்கு எங்கள் தெருவில் ஒருவர் பழைய கார் வாங்கி, குடும்பத்தோடு சமயபுரம் போய் வந்துகொண்டிருக்கிறார். லென்ஸில் ஏறி எங்கே போவது?

சரி, விலையாவது கேட்போம் என்று திருச்சியில் ஒரு கடைக்குப் போனேன். பையன் கண்ணாடி அலமாரியைத் திறக்கவே இல்லை.

“சாரைக் கூட்டிட்டு வாங்க மேடம், டெமோ காட்டறேன்.”

“எந்த சாரை?”

“உங்க சாரைத்தான் மேடம்.”

எங்கள் சார் மொபைலில் செல்ஃபி எடுத்தால் அவர் கட்டை விரல்தான் விழும். அவர் வந்து பார்த்து, அவர் தலையாட்டி, அப்புறம் நான் வாங்க வேண்டுமாம். வேலைக்குப் போவது நான், வெயிலில் நிற்பது நான், ஒரு லென்ஸைத் தொட்டுப் பார்க்க மட்டும் கூடவே ஆம்பளை வேண்டுமா? ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி வந்துவிட்டேன். பேச வேண்டியதெல்லாம் பஸ்ஸில்தான் தோன்றியது.

பிறகு கையில் இருந்ததற்குள் என்னென்னவோ செய்து பார்த்தேன். மொபைலில் மாட்டுகிற கிளிப் லென்ஸை ஆன்லைனில் வாங்கினேன். மைனாவை எடுத்தால், படத்தில் அதன் ஓரமாக நீல நிறத்தில் இன்னொரு மைனா ஒட்டிக்கொண்டு வந்தது. பெரிய ஜூமோடு வருகிற பிரிட்ஜ் கேமராவை விசாரித்தேன். நல்ல சாமான்தான், எட்டுகிற விலைதான். ஆனால் ‘அது பொம்மை மேடம்’ என்று படம் எடுக்கிறவர்கள் சிரித்தார்கள். கடைசியில் ஒரு பழைய கேமராவும், எழுபதிலிருந்து முந்நூறு எம்எம் வரை நீள்கிற பழைய லென்ஸும் செகண்ட் ஹேண்டாகக் கிடைத்தன.

வீட்டுக்காரர் கேட்டார்.

“முந்நூறுன்னா என்ன, முந்நூறு மீட்டரா?”

“மில்லிமீட்டர்.”

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார்.

“அப்ப ஒரு அடிக்குக்கூட வராதே. இதுக்கா இந்தப் பாடு?”

பழைய லென்ஸில் இன்னொரு வம்பு இருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிற புது லென்ஸ்கள் கை நடுக்கத்தைத் தாங்களே சமாளித்துக்கொள்ளும். என்னுடையது சமாளிக்காது. நீட்டிப் பிடித்தால் படம் ஆடிவிடும். அதனால் ட்ரைபாட், அந்த மூணு கால் ஸ்டாண்ட், இல்லாமல் நான் எங்கேயும் போவதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வினையே அதில்தான் வந்தது.

அடுத்து வாட்ஸ்அப் குரூப். பறவைப் படம் எடுக்கிறவர்கள் சேர்ந்து வைத்திருப்பது. நீங்கள் என்ன பறவையைப் பார்த்தீர்கள், அது என்ன செய்துகொண்டிருந்தது என்று அங்கே ஒருவரும் கேட்க மாட்டார்கள். முதல் கேள்வி, “உங்க லென்ஸ் எவ்ளோ தூரம் போகும்?” எனக்கும் பதில் மனப்பாடம் ஆகிவிட்டது. “முந்நூறு வரைக்கும் போகும்.” உடனே, ஏதோ துக்க வீட்டுக்கு வந்தது மாதிரி ஒரு கும்பிடு பொம்மை போடுவார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. அதற்கு மேல் ஒரு அட்வைஸ் வரும் பாருங்கள்... “ரீச் இல்லன்னா என்ன மேடம், காலு இருக்குல்ல? கிட்டப் போய் எடுங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இங்கேதான். கிட்டே போவது என்றால் எங்கே போவது? கூட்டுக்குள்ளேயா? கூட்டை மறைக்கிற கிளையை ஒடித்துவிட்டுப் படம் எடுத்தவரை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் படத்துக்குக் குரூப்பில் விழுந்த கைதட்டலையும் பார்த்தேன். குஞ்சு என்ன ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை. லென்ஸுக்குக் காசில்லாவிட்டால் பறவை பாடுபட வேண்டுமா? ரீச் எதற்கு? பறவையைத் தொந்தரவு பண்ணாமல் நாம் எட்டி நிற்பதற்குத்தானே?

இனி போன ஞாயிறு.

அதற்கு முந்தின வாரம் அரியலூரில் ஒரு கல்யாணம். பஸ் ஜன்னலிலிருந்து ஒரு தரிசுக் கொல்லையில், அதாவது சும்மா கிடக்கிற புன்செய்க் காட்டில், மஞ்சள் மூக்கு ஆள்காட்டி ஜோடி ஓடுவதைப் பார்த்தேன். மனுசன் வந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கிற அதே ஆள்காட்டிதான், இதற்குக் கண்ணுக்கு முன்னால் மஞ்சள் தொங்கும். கல்யாணச் சாப்பாட்டில் மனசு செல்லவில்லை. ஞாயிறு முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

காய்ந்த செடிகளை, பருத்திமாரைப் பிடுங்கிப் போட்டுவிட்ட கொல்லை. நடுவில் ஒரு பறவை தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. எழுந்திருக்கவே இல்லை. அப்படியென்றால் அடியில் முட்டை. சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் கொல்லைக்குள் காலை வைக்கவில்லை. ரோட்டோரத்திலேயே ட்ரைபாடை விரித்து, வெயிலுக்குத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கண்ணை வைத்தேன்.

பின்னால் ஒரு டூவீலர் வந்து நின்றது.

“ஏங்க, என்ன பண்றீங்க இங்க?”

ஓட்டி வந்தவர் இளவயதுக்காரர். பின்னால் இருந்து இறங்கிய பெண்மணிக்கு என் வயதிருக்கும். அவர் பெயர் வளர்மதி, வண்டி ஓட்டியவர் அவருடைய கொழுந்தனார், கொல்லை அவர்களுடையது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

“பறவை போட்டோ எடுக்கறேங்க.”

கொழுந்தனார் கொல்லையைப் பார்த்தார். மண்ணும் கல்லும்தான் தெரிந்தது. கண்ணுக்குப் படக்கூடாது என்றுதானே அது மண் நிறத்தில் இருக்கிறது?

“ஒண்ணையும் காணுமே. எந்தப் பறவை?”

வளர்மதி பறவையைத் தேடவே இல்லை. ட்ரைபாடையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எவ்ளோ தூரம் போகும்?”

பழக்கதோஷம். யோசிக்காமல், கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

“முந்நூறு வரைக்கும் போகுங்க.”

அவ்வளவுதான்.

“கேட்டியா, முந்நூறாம்” என்று கொழுந்தனாரிடம் திரும்பினார். “நம்ம கொல்லை முச்சூடும் வந்துடும். டீக்கடையில இருக்கறவங்களக் கூப்புடு. அளக்க வந்துட்டாங்க.”

கூப்பிட வேண்டிய தேவையே இருக்கவில்லை, அவர்களே வந்துவிட்டார்கள். வாரைப் பிடித்ததும் காலைப் பிடித்ததும் அப்போதுதான். யார் அனுப்பினார்கள், ஜீப் எங்கே நிற்கிறது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஜீப்பா? நான் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள். கொழுந்தனார், “குச்சி கிச்சி நட்டிருக்காங்களான்னு பாத்துட்டு வரேன் அண்ணி” என்று கொல்லைக்குள் ஒரு காலை வைத்தார்.

“உள்ள போகாதீங்க” என்று கத்திவிட்டேன்.

வளர்மதி என் எதிரில் வந்து நின்றார்.

“எங்க கொல்லைக்குள்ள எங்களையே போகாதேங்கறீங்களா?”

என்ன பதில் சொல்வீர்கள்? அவர் அந்தக் கோடியில் இருந்த வேப்பமரத்தைக் காட்டினார். அதற்கு அப்பால் வெள்ளையாக ஒரு விளிம்பு. சுண்ணாம்புக்கல் தோண்டுகிற பள்ளம்.

“அதெல்லாம் கொல்லையா இருந்ததுங்க. இதே மாதிரி மூணு காலு வச்சுக்கிட்டு ரோட்டோரம் வந்து நின்னாங்க. கேட்டதுக்கு, ரோடு போடப் பாக்கறோம், ஒண்ணுமில்லன்னாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா வித்துட்டுப் போயிட்டாங்க. இப்ப எங்க வரப்பு வரைக்கும் வந்துடுச்சு. எங்களுக்கு இருக்கறது இது ஒண்ணுதான். இதையும் வுட்டுட்டு எங்க போறது?”

அவர் குரல் உயரவில்லை. கை மட்டும் ட்ரைபாடை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் லென்ஸைப் பிடுங்கிப் பள்ளத்தில் வீசியிருப்பேன்.

“நீங்களே ஒரு தடவ பாருங்க” என்று கேமராவை விட்டுத் தள்ளி நின்றேன்.

குனிந்து பார்த்தார்.

“மண்ணுதான் தெரியுது.”

“நடுவுல பாருங்க. மூக்குகிட்ட மஞ்சளா இருக்கும்.”

கொஞ்ச நேரம் ஆனது.

“அட... ஆள்காட்டி. முட்டை வச்சிருக்கா?”

“ஆமாங்க. கிட்டப் போனா எந்திரிச்சு ஓடிடும். இந்த வெயில்ல முட்டை வெந்துடும். அதுக்குத்தான் போக வேண்டாம்னேன்.”

கொழுந்தனார் உள்ளே வைத்த காலை எடுத்துக்கொண்டார். வாரைப் பிடித்திருந்தவர் அதை மெதுவாக என் தோளிலேயே மாட்டினார்.

“இதுக்கா பெரம்பலூர்லருந்து பஸ்ஸேறி வந்தீங்க?” என்றார் வளர்மதி. “அது சரி, மூணு காலு இல்லாத கேமரா கெடையாதா?”

“இருக்குங்க. புது லென்ஸா வாங்குனா கையிலயே புடிச்சு எடுக்கலாம்.”

“அதை வாங்கியிருந்தா நாங்க பயந்திருக்க மாட்டோம்ல?”

“காசில்லங்க.”

அப்போதுதான் அவர் முதல்முறையாகச் சிரித்தார். “அப்ப சரி. நம்மாளுதான்.”

டீ வந்தது. காசு கொடுக்க விடவில்லை. கிளம்பும்போது, “கொல்லையும் சேத்து ஒண்ணு எடுத்து என் போனுக்கு அனுப்புங்க” என்றார். “இது ஒண்ணுக்கும் ஒதவாத தரிசு, எதுக்கு வச்சுக்கிட்டுக் கெடக்கீங்கன்னுதான் வந்து கேக்கறாங்க. ஒதவாத எடத்துலதான் முட்டை வச்சிருக்குன்னு நாங்களும் காட்டணும்ல.” லென்ஸை எழுபதுக்குச் சுருக்கினேன். கொல்லை, வரப்பு, வேப்பமரம், அதற்கு அப்பால் பள்ளத்தின் வெள்ளை, நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி. எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, நடந்ததையெல்லாம் எழுதி அந்தப் படத்தைக் குரூப்பில் போட்டேன். இவ்வளவு நடந்திருக்கிறதே, ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்தேன்.

முதல் பதில், “பறவை எங்கன்னு அம்பு போட்டுக் காட்டுங்க மேடம்.” இரண்டாவது, “அந்தக் குவாரி கண்ணை உறுத்துது. க்ராப் பண்ணுங்க.” மூன்றாவது, நம் பழைய கும்பிடு பொம்மை. வளர்மதியைப் பற்றி ஒருவர், ஒரே ஒருவர், ஒரு வார்த்தை எழுதக் கூடாதா? இவர்களுக்கெல்லாம் ஆயிரம் எம்எம் லென்ஸ் வாங்கிக் கொடுத்தாலும் எதிரில் நிற்கிற மனுசி தெரிய மாட்டாள்.

திட்டிக்கொண்டே க்ராப் செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பறவை கொஞ்சம் பெரிதாகத் தெரியட்டுமே என்று ஒரு ஓரத்தை நறுக்கினேன். உண்மையிலேயே படம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதையே வளர்மதிக்கும் அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

“என்னங்க, வேப்பமரத்தைக் காணும்?”

“அதுங்க... பறவை பெருசாத் தெரியணும்னு அந்த ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிட்டேன்.”

“எந்த ஓரம்?”

“பள்ளத்துப் பக்கமா.”



“அவங்களும் அங்கேருந்துதாங்க வெட்டிக்கிட்டு வராங்க” என்றார் வளர்மதி. “ஒரு சென்ட்டுகூட வெட்டாம அனுப்புங்க.”