ஃபேன் வேண்டாத பெட்டி

அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. முதலில் வயதுக்காக அப்படிக் கூப்பிட்டார்கள். அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்ப, அவள் மட்டும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் நாளடைவில் அது ஒரு பதவிப் பெயராகிவிட்டது. மகள் தொட்டிலில் கிடந்தபோது ஆராய்ச்சியில் சேர்ந்தவள் அவள். இப்போது மகள் இரண்டாம் வகுப்பு. "நீ எந்த க்ளாஸும்மா?" என்று அது கேட்டால் அக்காவிடம் பதில் இல்லை. மாமியாரிடம் இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும், "இன்னும் படிச்சிட்டுத்தான் இருக்கா" என்று, தீராத வியாதிக்கு மருந்து சாப்பிடுகிறவளைப் பற்றிச் சொல்லும் குரலில் சொல்வார்.

பவர் எலக்ட்ரானிக்ஸ் ஆராய்ச்சிக் குழு என்று கதவில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கொடுத்திருந்த இடம் தரைத்தளத்தின் கடைசி அறை, ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். இதைத் தனி மரியாதை என்று பேராசிரியர் விருந்தாளிகளிடம் சொல்வார். உண்மையில் வெடிச் சத்தம் மற்ற துறைகளுக்குக் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான். மின்சாரத்தை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றுவது அவர்கள் தொழில். அதைச் செய்கிற டிரான்சிஸ்டர்களுக்குப் பிடிக்காத மாதிரி நடந்துகொண்டால் அவை பட்டென்று வெடித்துவிடும். சத்தம் கேட்டு ஓடிவருகிற யாரும் என்ன ஆச்சு என்று கேட்க மாட்டார்கள். எத்தனை போச்சு என்றுதான் கேட்பார்கள்.

குழுவில் பேராசிரியரைத் தவிர இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் கணக்குக்காரர். எதையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே செய்து, கம்ப்யூட்டருக்குள்ளேயே வெற்றி பெறுகிறவர். ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது என்று ஒரு பேச்சு உண்டு. இன்னொருவன் பட்டாசு. போன வருடம் சேர்ந்தவன், அதற்குள் அதிக டிரான்சிஸ்டர்களைக் கொளுத்தியவன் என்ற பெயரை எடுத்துவிட்டான். மனசு மட்டும் தங்கம். யாருக்காவது வியர்த்தால் இவனுக்குத் தாங்காது.

அக்காவின் ஆராய்ச்சி ஒரு பெட்டி. கூரையில் வைக்கிற சூரியத் தகடு தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும். இந்த மாதிரிப் பெட்டிகள் சூடாகும், உள்ளே ஒரு சின்ன ஃபேன் சுற்றும், முதலில் கெட்டுப்போவதும் அந்த ஃபேன்தான். அக்காவின் பெட்டிக்கு ஃபேனே தேவையில்லை. அலுமினியத் தகடுகளை அவள் அடுக்கிய விதத்தில் சூடு தானாகக் காற்றில் கலந்துவிடும். ஆய்வின் தலைப்பு இரண்டு வரிக்கு நீளும், ஆனால் ஆய்வகத்தில் எல்லோரும் ஃபேன் வேண்டாத பெட்டி என்றே சொன்னார்கள்.

அவள் சேர்ந்த வருடமே அறையின் ஏசி மூச்சை நிறுத்திவிட்டது. புகார் இன்றுவரை பரிசீலனையில் இருக்கிறது. பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், அவள் கணவன் வீட்டிலிருந்த பழைய ஸ்டாண்ட் ஃபேனைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அதன் கழுத்து இறுகிப்போயிருந்தது. எந்தப் பக்கமும் திரும்பாது, அக்காவின் நாற்காலியைப் பார்த்து மட்டும் வீசும். ஃபேனுக்கும் நாற்காலிக்கும் நடுவில் மேசை. மேசைமேல் பெட்டி.

இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். அவர்களுக்குப் புரியவில்லை. அவர்கள் நிபுணர்கள்.

ஒரு தடவை மட்டும் உண்மை வாசல்வரை வந்து எட்டிப்பார்த்தது. தாங்குகிற மின்சாரம் முழுவதையும் கொடுத்து முழு பாரத்தில் ஓடினால் பெட்டி தொண்ணூறு டிகிரியைத் தாண்டும் என்று கணக்குக்காரரின் கணக்கு சொன்னது. மேசைமேல் இருந்த பெட்டியோ அறுபதைத் தாண்ட மறுத்தது. எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. காற்று எவ்வளவு சூட்டை எடுத்துப்போகும் என்பதற்கு ஒரு எண் உண்டு, அதைக் கொஞ்சம் ஏற்றினார். போதவில்லை, இன்னும் கொஞ்சம் ஏற்றினார். கணக்கிலும் அறுபது வந்ததும் நிறுத்திக்கொண்டார். கணக்கும் சோதனையும் அற்புதமாக ஒத்துப்போகின்றன என்று கட்டுரை வெளியானது. பேராசிரியர் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார்.

கடைசியில் ஒருவழியாக அவளுடைய வாய்மொழித் தேர்வு வந்தது. வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளர், பெட்டி ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். இது முடிந்தால் பட்டம், மகளுக்கு ஒரு பதில், மாமியாருக்கு வேறு பேச்சு. அக்கா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பேராசிரியர் காலையிலேயே வந்து அறையைச் சுத்தம் செய்ய வைத்தார். ஒட்டடை போனது, வெடித்த டிரான்சிஸ்டர்களைப் போட்டு வைத்திருந்த ஜாடி போனது. பிறகு அவர் கண் ஸ்டாண்ட் ஃபேன்மேல் விழுந்தது.

"ஃபேனே வேண்டாம்னு சொல்ற இடத்துல இப்படி ஒண்ணு நின்னா பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

சார் எதையும் விட மாட்டார் என்று எல்லோரும் வியந்தார்கள். பட்டாசு அதைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

பெட்டியை முழு பாரத்தில் ஓடவிட்டு அக்கா பேச ஆரம்பித்தாள். தேர்வாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். நன்றாகத்தான் போனது. கம்ப்யூட்டர் திரையில் அறுபதில் நிற்க வேண்டிய எண் நிற்கவில்லை, அவ்வளவுதான். எழுபது ஆனபோது சூட்டை அளக்கிற சென்சாரில் கோளாறு என்று நினைத்தாள். ஆய்வகத்தில் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது சென்சாரைத்தான், பாவம் அது திருப்பிப் பேசாது. எண்பதைத் தாண்டியதும் திருகு ஏதும் தளர்ந்திருக்குமோ என்று நினைத்தாள். பேசிக்கொண்டே அடுத்த தாளை எடுக்கக் கை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

தாள்கள் ஆடாமல் கிடந்தன. அவற்றின்மேல் எரிந்துபோன செப்புக் கம்பிச் சுருள் ஒன்று வழக்கம்போல் கனமாக உட்கார்ந்திருந்தது. இத்தனை வருடமாகத் தாள் பறக்காமலிருக்க அதை அவள்தான் எடுத்து எடுத்து வைத்தாள். எதனால் பறந்தது என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. ஏழு வருடத்தையும் யாரோ தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டதைப் போலிருந்தது.

எண் தொண்ணூறைத் தொட்டபோது பேராசிரியரும் பார்த்துவிட்டார். தேர்வாளர் அதைப் பார்க்கவில்லை, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பட்டாசுக்கு அவர் வியர்ப்பது பொறுக்கவில்லை. யாரும் சொல்லாமலேயே ஓடிப்போய் ஃபேனைத் தள்ளிக்கொண்டு வந்து, பழக்க தோஷத்தில் அதன் பழைய இடத்திலேயே நிறுத்தி ஸ்விட்சைப் போட்டான். தேர்வாளருக்குக் காற்று வரவில்லை. பெட்டிக்கு வந்தது. எண் மெல்ல இறங்கத் தொடங்கியது. கணக்குக்காரர் திறந்த வாயை மூடவில்லை.

இப்போதுதான் தேர்வாளர் நிமிர்ந்து திரையைப் பார்த்தார். அங்கே இதுவரை ஓடிய சூட்டின் கோடு மேலே ஏறிக் கீழே திரும்பியிருந்தது. ஏன் ஏறியது, ஏன் இறங்குகிறது என்று கேட்டார்.

"அதுதான் சார் இதோட சிறப்பே. சூடு கூடினா கன்ட்ரோல் தானாவே பாரத்தைக் குறைச்சுக்கும்" என்றார் பேராசிரியர், கண் இமைக்காமல். "நீங்களே விளக்கிச் சொல்லுங்கம்மா."

தேர்வாளர் அக்கா பக்கம் திரும்பினார். தலையை ஆட்டினால் போதும். பெயருக்கு முன்னால் டாக்டர் வந்துவிடும். வருகிற உறவுக்காரர்களிடம் மாமியார் வேறு நோயைத் தேட வேண்டியிருக்கும். அக்காவுக்கு ஆசையாகத்தான் இருந்தது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. தலை ஆடுவதற்குத் தயாராகக்கூட இருந்தது. ஆனால் கால் எழுந்து போய்விட்டது. ஃபேனை அணைத்துவிட்டுத் திரை பக்கத்தில் வந்து நின்றாள். கோடு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மறுபடி மேலே ஏறியது.

"ஃபேன்தான் சார்" என்றாள். "முதல்லேர்ந்து எல்லாம் அந்த ஃபேன்தான்."

பெட்டியின் பாரத்தைக் குறைத்து அணைத்தாள். தேர்வாளர் ஃபேனையும் நாற்காலியையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தனை நாளா இங்க நிக்குது?"

"நான் சேர்ந்ததுலேர்ந்து."

அவர் வெகுநேரம் எழுதினார். எல்லா அளவையும் ஃபேன் இல்லாமல் மறுபடி எடுத்து, தகடுகளைத் திருத்தி, ஆய்வை மாற்றி எழுதி, அடுத்த வருடம் வரச்சொல்லி எழுதியிருந்தார். கிளம்பும்போது அக்காவிடம் மட்டும், "நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதும்மா. ஆனா நேர்மைக்குன்னு தனியா பட்டம் கொடுக்கிறதில்ல, மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியத்துக்குள் ஆய்வகம் தேறிக்கொண்டது. தனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம் இருந்தது என்றார் பேராசிரியர். கணக்குக்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தொண்ணூறு என்று நான்தானே முதலில் சொன்னேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார், எண்ணை ஏற்றிய கை யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. பட்டாசு மட்டும் மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் அதைக் கொண்டுவராம இருந்திருக்கலாம்க்கா என்றான். கொண்டுவராமல் இருந்திருந்தால் பெட்டியும் வெடித்திருக்கும், கணக்கில் உனக்கு இன்னொன்று கூடியிருக்கும் என்று சொல்லி அக்கா அவனைச் சிரிக்க வைத்தாள்.

சாயங்காலம் கணவன் வந்து ஃபேனைக் கழற்றி வண்டியில் கட்டினான். வழியில் அவள் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவன் வண்டியை மெதுவாக ஓட்டினான். அது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வீட்டில் மாமியார் புடவையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். மகள் ஃபேனைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அது இந்த வீட்டில் இருந்த காலம் அவளுக்கு நினைவில்லை. அப்பாவிடம் அரைகுறையாக ஏதோ கேட்டுத் தெரிந்துகொண்டு அம்மாவிடம் வந்தாள்.

"இந்த ஃபேனாலதான் நீ ஃபெயிலாம்மா?"

அக்கா ப்ளக்கைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"இல்லடா கண்ணு. இத்தனை வருஷம் பாஸானதே இதாலதான்."

ஸ்விட்சைப் போட்டாள். ஃபேன் சுற்றியது. வேறு பக்கம் திரும்பத் தெரியாததால் இருவரும் அதன் எதிரிலேயே நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள்.